ஓரடி தள்ளி

வெல்டா ஸ்டாம்பர் தன் மகனைச் சுட்டு ஆறு வாரம் ஆகியிருந்தது. குண்டு படவில்லை. படாமல் போனதில் அவளுடைய சாமர்த்தியம் ஒன்றும் கிடையாது. அறுபத்திரண்டு வயதுக் கண்ணும் தூக்கக் கலக்கமும் சேர்ந்து ஷேனைக் காப்பாற்றின.

அன்று மத்தியானம் இரண்டு மணிக்குச் சமையலறையில் ஏதோ உருட்டுகிற சத்தம் கேட்டுக் கண்ணாடிகூடப் போடாமல் எழுந்து வந்தாள். பின்கதவை ஒட்டி, தலையில் முக்காட்டுச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒருவன் நின்றான். செத்துப்போன கணவனுடைய, போதைக்கும் விழுங்குகிற வலி மாத்திரை டப்பா அவன் கையில் இருந்தது. பயமுறுத்தத்தான் துப்பாக்கியை நீட்டினாள். விரல் அவளைக் கேட்காமல் விசையை இழுத்துவிட்டது. "அம்மா, என்னையா சுட்ட?" என்று கேட்ட பிறகுதான் அது யாரென்று தெரிந்தது. டப்பாவைப் போட்டுவிட்டு ஓடியவன் பிறகு வரவே இல்லை.

வந்தது யாரென்று தெரியாது என்று ஷெரீஃபிடம் சொன்னாள். மாத்திரைகளைக் கழிப்பறையில் கொட்டினாள். பின்கதவுக்கு வலப்பக்கம், சாமான் அறையின் நிலைச்சட்டத்தில் விழுந்திருந்த ஓட்டையை ஒரு காலண்டரால் மறைத்தாள். அதோடு அவளுக்குள் எல்லாம் நின்றுபோயிற்று. அழுகை இல்லை, தூக்கம் கெடவில்லை, பசிக்கிற நேரத்தில் பசித்தது. பக்கத்து வீட்டுச் சங்கதியைக் கேட்பது போலத்தான் தன் சங்கதியும் அவளுக்கு இருந்தது.

ஒரு புதன்கிழமை காலை துப்பாக்கியைத் தோல் உறையோடு எடுத்துக்கொண்டு ஆர்லியின் கடைக்குப் போனாள். தூண்டில் புழுவும் மான் வேட்டை உரிமச் சீட்டும் துப்பாக்கியும் ஒரே கூரைக்குக் கீழே விற்கிற கடை. ஆர்லி அவளோடு ஒரே பள்ளிப் பேருந்தில் போனவன். காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஹோபர்ட் உட்கார்ந்திருந்தார். சுரங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஊர்க்கதை பேசுவதுதான் அவருக்கு முழுநேர உத்தியோகம்.

"வா வெல்டா. நிலைச்சட்டத்தையே சுட்டுக் கொன்னவளாச்சே நீ. எத்தனை மார்க் வாங்கின?" என்றார் ஹோபர்ட்.

"உங்க வாய் அளவுக்கு அகலமா இருந்திருந்தா நானே நடுவுல போட்டிருப்பேன்" என்றாள் வெல்டா. பதில் தானாக வந்தது. அதில் சுவை இருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை.

குண்டு அடைக்கும் மேகசினைக் கழற்றினாள். துப்பாக்கியின் மேல்பாகமான ஸ்லைடை இழுத்து உள்ளே ஒன்றுமில்லை என்று காட்டிவிட்டு, குழல் வாய் சுவரைப் பார்க்கும்படி மேஜையில் வைத்தாள். ஆர்லி தானும் ஒரு முறை இழுத்துப் பார்த்தான். அந்தக் கடையில் பெற்ற தாய் நீட்டினாலும் இரண்டு முறை பார்ப்பார்கள்.

"சுடுற எடத்தைக் காட்டுற லேசர் மாட்டணும். முனையில இருக்கிற குறி எனக்குக் கண்ணுக்கே தெரியல" என்றாள்.

"இது குட்டித் துப்பாக்கி. அடியில காடி கிடையாது, பெருசா எதையும் மாட்ட முடியாது. ரெண்டு வகைதான் இதுக்குச் சரிப்படும்." ஆர்லி இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தான். "இது கைப்பிடிக்குப் பதிலா போடுறது. நீ இறுக்கிப் பிடிச்சாலே எரியும், யோசிக்கவே வேணாம். உன் வயசுக்கு இதான் நல்லது."

"என் வயசுதான் உன் வயசும். இன்னொண்ணு?"

"விசை வளையத்தைச் சுத்தி ரெண்டு பக்கமும் கவ்விக்கும். ஆனா நீதான் பொத்தானை அமுக்கணும். அவசரத்துல மறந்துருவ."

"அதையே குடு. நான் போட்டாத்தான் எரியணும்."

சிவப்பா பச்சையா என்று கேட்டான். சிவப்புக்கு பேட்டரி நீடித்து உழைக்கும், ஆனால் பகல் வெளிச்சத்தில் மங்கும். பச்சை பட்டப்பகலிலும் பளிச்சென்று தெரியும்.

"எதுத்தாப்புல நிக்கிறவனுக்கு எது நல்லாத் தெரியும்?"

"அவனுக்கு எதுக்குத் தெரியணும்? இது சுடுறவங்களுக்கு." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "பச்சை" என்றான்.

வேலை கால் மணி நேரம்கூட இல்லை. இரண்டு பாதிகளையும் வளையத்தின் மேல் பொருத்தி, திருகுகள் தளராமலிருக்க நீலப் பசை ஒவ்வொரு சொட்டு விட்டு இறுக்கினான். ஓரத்திலிருந்த இரண்டு பொடித் திருகுகளை மட்டும் பசையில்லாமல் விட்டான். அவை லேசர் புள்ளியை மேலும் கீழும், இடமும் வலமும் நகர்த்துகிற திருகுகள். பிறகு பழைய தோல் உறையில் துப்பாக்கியைச் செருகிப் பார்த்தான். பாதிக்கு மேல் போகவில்லை.

"எல்லாரும் இதை மறந்துட்டுத்தான் லேசர் வாங்குவாங்க. வேற உறை வேணும்."

"வேணாம். எங்கயும் கொண்டு போகப் போறதில்ல."

கடைக்குப் பின்னால் மண்மேடு. இருபத்தோரு அடியில் அட்டையை மாட்டி மூன்று குண்டு போட்டான். ஊசிபோல இருந்த ஒரு சாவியால் திருகைத் துளி திருப்பி இன்னும் மூன்று போட்டான். அட்டைக்குப் போய்ப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினான். "புள்ளி எங்கயோ குண்டு அங்க. இனிமே தப்பாது."

ஹோபர்ட் உள்ளேதான் இருந்தார். வெல்டா ஒரு முறை திரும்பி அதை உறுதி செய்துகொண்டாள்.

"ஆர்லி, இதைத் தப்பா வச்சுக் குடுக்க முடியுமா?"

"தப்பான்னா?"

"புள்ளி ஒரு எடத்துல இருக்கணும். குண்டு ஓரடி தள்ளிப் போகணும்."

ஆர்லி துப்பாக்கியை மேஜையில் வைத்தான். "வந்தவனை அடையாளம் தெரியலன்னு ஷெரீஃப்கிட்ட சொன்னியாமே."

"இருட்டா இருந்துச்சு."

"மத்தியானம் ரெண்டு மணிக்கு."

மேட்டில் ஒரு அணில் தோட்டாக் கூடுகளுக்கு நடுவே எதையோ தேடிக்கொண்டிருந்தது.

"ஷேனுக்காகன்னா அந்தச் சனியனை என்கிட்ட குடுத்துட்டுப் போ. பூட்டி வைக்கிறேன்" என்றான்.

"அவனைத் தேடிட்டு ரெண்டு பேரு வாசல் வரைக்கும் வந்துட்டுப் போயிருக்கானுங்க. நல்லவனுங்க மாதிரி தெரியல. ஷெரீஃப் ஆபீஸ்லேருந்து வண்டி வர நாப்பது நிமிஷம் ஆகும். அவனுங்க வந்தா லேசர் போடாம நெருங்க விட்டுச் சுடுவேன். அவன் வந்தா போடுவேன். புள்ளியைப் பாத்தா ஓடிருவான். என் விரல் என் பேச்சைக் கேக்கறதில்ல ஆர்லி. மறுபடி இழுத்துருச்சுன்னா குண்டு அன்னிக்குப் போன எடத்துக்கே போகட்டும்."

"பொய் சொல்ற துப்பாக்கியை என் கடையிலேருந்து வெளிய அனுப்ப மாட்டேன்."

"சரி."

அவன் எல்லாவற்றையும் பெட்டியில் வைத்தான். கடைசியில் அந்தச் சாவியைக் காகிதத்தில் மடித்து மேலே வைத்தான். "வீட்டுக்குப் போய் யாரு என்ன செய்வாங்கன்னு எனக்கென்ன தெரியும்" என்று மண்மேட்டைப் பார்த்துச் சொன்னான். "பக்கவாட்டுல இருக்கிறது இடம் வலம். கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பு."

வீட்டில் காலண்டரைக் கழற்றினாள். படுக்கையறை வாசலில், அன்று நின்ற இடத்தில், நாற்காலி முதுகின் மேல் துண்டுகளைச் சுருட்டி வைத்துக் காலித் துப்பாக்கியை அதில் அசையாமல் பதித்தாள். படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முனைக் குறியை ஓட்டையோடு சேர்க்க வெகுநேரம் பிடித்தது. பிறகு பொத்தானை அமுக்கித் திருகைத் திருப்பினாள். பச்சைப் புள்ளி நிலைச்சட்டத்தை விட்டு நகர்ந்து, பின்கதவின் நடுவில், அன்று அவன் நெஞ்சு இருந்த உயரத்தில் வந்து நின்றது. திருகு அதற்கு மேல் போகவில்லை. காலண்டரை மாட்டினாள். துப்பாக்கியில் குண்டு நிரப்பினாள். அடுப்பில் பீன்ஸ் கொதித்தது, போய்க் கிளறிவிட்டாள். நிம்மதி என்று சொல்ல முடியாது. செய்ய வேண்டியதில் ஒன்று முடிந்தது, அவ்வளவுதான்.

ஒன்பதாவது நாள் ஷேன் வந்தான். இப்போதும் மத்தியானம்தான். கதவு திறக்கும் சத்தம் கேட்டுப் படுக்கையறையிலிருந்து துப்பாக்கியோடு வந்தாள். இந்த முறை கண்ணாடி போட்டிருந்தாள். முப்பத்திநாலு வயதுப் பையன் ஐம்பது வயது ஆள் போல் இளைத்திருந்தான்.

பொத்தானை அமுக்கினாள். புள்ளி அவன் நெஞ்சில் விழுந்தது. அவன் குனிந்து அதைப் பார்த்தான்.

அவன் ஓடவில்லை. சட்டையில் தீப்பொறி விழுந்தவன் விலகுவது போல ஒரு எட்டு பக்கவாட்டில் விலகினான். அவள் பார்வைக்கு இடப்பக்கம் குளிர்ப்பெட்டி நின்றதால் வலப்பக்கம்தான் போக முடிந்தது. அவன் முதுகு காலண்டரை மறைத்தது. பச்சைப் புள்ளி வெறும் கதவின் மேல் நின்றது.

வெளிச்சத்தைக் கண்டால் மனிதன் விலகுவான் என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை. குழல் இப்போது நேராக அவன் நெஞ்சைப் பார்த்தது. விரல் விசையின் மேல் இருந்தது. கையை இறக்கலாம், ஆனால் கை அசைந்தால் விரலும் அசையும். மூச்சு விடக்கூடப் பயமாக இருந்தது. இரண்டு மாதத்தில் அவளுக்கு வந்த முதல் பயம் அது.

"ஷேன், பழைய எடத்துக்கே வா."

"எங்க?"

"புள்ளி இருக்கிற எடத்துக்கு. மெதுவா."

அவன் கதவைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். "மாத்திரைக்கு வரலம்மா. சத்தியமா" என்றான்.

"தெரியும். அங்க வந்து நில்லு."

சுடத்தான் கூப்பிடுகிறாள் என்று அவனுக்குப் பட்டது. அவன் முகத்தில் அது அப்படியே தெரிந்தது. கொஞ்ச நேரம் நின்றான். பிறகு தோள்களைத் தளர்த்திக்கொண்டு, சின்ன வயதில் அடி வாங்க வருகிற அதே நடையில், ஒரு எட்டு நகர்ந்து வந்து புள்ளிக்கு நெஞ்சைக் கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

வெல்டா விரலை எடுத்தாள். மேகசினை உருவினாள், ஸ்லைடை இழுத்தாள், உள்ளேயிருந்த குண்டு தரையில் விழுந்து உருண்டது. துப்பாக்கியை மேஜையில் வைத்தாள். சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கணவன் சாவுக்கு வராத அழுகை இப்போது வந்தது, நிறுத்தத் தெரியவில்லை.

ஷேன் கண்ணைத் திறந்தான். இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"அம்மா, நான் இன்னும் இங்கயே நிக்கணுமா?" என்று கேட்டான்.