சின்னதுகளை மட்டும் விட்டுடு

அக்கா புருஷனும் மச்சினிச்சியும் ஒரே ஆபீசில் வேலை பார்த்தால், வீட்டுச் சண்டை ஆபீசுக்கு வரும், ஆபீஸ் சண்டை சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வரும். இவர்கள் கதையும் அப்படித்தான் கண்ணுகளா.

அக்கா புருஷனின் வேலை விண்மீன் மண்டலங்களை, அதாவது கேலக்ஸிகளை, வளர்ப்பது. சிரிக்காதீர்கள். வானத்தின் விதிகளை ஒரு பெரிய கணினிக்குச் சொல்லிக்கொடுத்து, அதற்குள்ளேயே லட்சக்கணக்கான மண்டலங்களைப் பிறக்கவைத்துக் கிழடாகும் வரை வளர்த்திருந்தார். ஆபீசில் அவருக்குப் பட்டப்பெயர் பிரம்மா.

"பெத்த பொண்ணு எந்த வகுப்புன்னு கேட்டா முழிப்பார். அங்க மட்டும் ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டு வெச்சிருக்கார்" என்பாள் அக்கா.

மச்சினிச்சியின் வேலை அவற்றுக்குக் கதவு போடுவது. மண்டலங்கள் எல்லாம் மெஷின் ரூமில், குளிர்காற்று சீறும் அலமாரிகளில், ஹார்ட் டிஸ்குகளாக அடுக்கிக் கிடந்தன. மொத்தத்தையும் யாரும் தன் கணினிக்கு இறக்கிக்கொள்ள முடியாது. அத்தனை பெரிசு. அதனால் அவள் ஓர் இணையதளம் கட்டினாள். எந்த ஊர் வானியலாளரும் அதில் தன் கேள்வியை எழுதினால் போதும். தேடுவதெல்லாம் இங்கேயே நடக்கும், விடை மட்டும் அங்கே போகும். இணையம் நொண்டியடிக்கிற ஊருக்கும் போய்ச் சேரும்.

மேலிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டது: வெளியார் யாரும் பயன்படுத்தாவிட்டால் டிஸ்குகளை அழித்து வேறு வேலைக்குக் கொடுத்துவிடுவார்கள்.

தளம் தயாரான அன்று அவர் அவள் மேசை அருகே வந்து நின்றார்.

"சின்னதுகளை மட்டும் விட்டுடு."

"எந்தச் சின்னது?"

"சின்ன மண்டலங்கள். தேடினா வராத மாதிரி பண்ணிடு."

"ஏன் அத்தான்?"

அவர் அவளைப் பார்க்காமல் பேசினார். "நிஜ வானத்துல சின்ன மண்டலங்கள் இன்னும் புது நட்சத்திரம் பெத்துக்கிட்டிருக்கு. என்னோடது பாதி வழியிலேயே அணைஞ்சு போச்சு. ஏதோ ஒரு விதியை முரட்டுத்தனமா வெச்சிருக்கேன். ஓடி முடிஞ்சப்புறம்தான் கண்ணுல பட்டது. மறுபடி ஓட்ட அந்தக் கணினியைத் தர மாட்டாங்க."

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"இப்போ உனக்கு."

"அக்காவுக்கு?"

"சொன்னா, இதுக்காகத்தான் இத்தனை வருஷமா சாப்பாட்டு நேரத்துக்கு வீடு வந்து சேரலையான்னு கேப்பா."

அவள் சிரிக்கவில்லை. திரையை அவர் பக்கம் திருப்பினாள். சோதித்துப் பார்க்கச் சொல்லி, தூர தேசத்து வானியலாளர் ஒருத்திக்குத் தளத்தை முன்னதாகவே திறந்து கொடுத்திருந்தாள். அன்று காலை அந்தம்மாவிடமிருந்து செய்தி வந்திருந்தது.

'தொலைநோக்கியில் நான் பார்ப்பது சின்ன மண்டலங்களை மட்டும்தான். உங்கள் தளம் தரும் விடைகள் என் வானத்தோடு ஒட்டவில்லை. நான் கேட்கும் விதம்தான் தப்பாக இருக்க வேண்டும். வாரக்கணக்காக மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டேன். எங்கே பிசகினேன் என்று சொல்ல முடியுமா?'

அவர் இரண்டு தடவை படித்தார்.

"அந்தம்மா மேல தப்பே இல்லையே."

"அது அவங்களுக்கு எப்படித் தெரியும்? கதவை நான் நல்லா போட்டுட்டேன் அத்தான். கேட்டதும் பதில் போகுது. அதனாலதான் நம்பிட்டாங்க." அவள் குரலை உயர்த்தவில்லை. "இப்போ மறைச்சா, தன்னையே நொந்துக்கிட்டு இன்னும் எத்தனை வாரம் உக்காந்திருப்பாங்களோ."

மெஷின் ரூமின் இரைச்சல் சுவர் தாண்டிக் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் அவளை எழுந்திருக்கச் சொல்லி, அவள் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டே விரலால் தட்டினார். தளத்தின் முதல் பக்கத்தில், கேள்வி எழுதும் இடத்துக்கு மேலே வந்து விழுந்தது:

'சின்ன மண்டலங்களைப் பற்றிய விடைகளை நம்ப வேண்டாம். அவை சீக்கிரமே அணைந்துவிட்டன. தவறு கேட்பவருடையது அல்ல, என்னுடையது.'

கீழே தன் முழுப்பெயரைப் போட்டார்.

"கடைசி வரி வேணுமா அத்தான்? டிஸ்கை அழிக்க மேலிடத்துக்கு நாமளே சாக்கு எடுத்துக் குடுக்கற மாதிரி இருக்கு."

"இருக்கட்டும்."

அவள் தளத்தை எல்லாருக்கும் திறந்துவிட்டாள்.

அன்று அவர் நேரத்தோடு வீட்டுக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் பயந்த கேள்வியை அக்கா கேட்கவில்லை. அவருக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்தாள்.

மறுநாள் அந்தம்மா மறுபடி எழுதியிருந்தாள். 'அப்படியானால் எந்த வயதில் அணைந்தன என்று சேர்ந்து பார்க்கலாமா? எந்த விதி முரடு என்று என் வானத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.'

மேலிடத்திலிருந்து ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார். "யாராவது பயன்படுத்தறாங்களா?"

"ஒருத்தங்க."

"என்ன கேக்கறாங்க?"

"தப்பாப் போனதை மட்டும்" என்றாள் மச்சினிச்சி.

வந்தவர் முதல் பக்கத்தைப் படித்தார். அதிலிருந்த பெயரையும், பக்கத்தில் நின்ற பிரம்மாவையும் பார்த்தார். "சரி, அது முடியற வரைக்கும் டிஸ்க் இருக்கட்டும்" என்று போய்விட்டார்.

பிரம்மா தன் நாற்காலியை அவள் மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்தம்மாவுக்கு எந்த நம்பர்லேருந்து ஆரம்பிக்கலாம்?"