ஆட்டத்திலும் கொசுறு

மரம், செங்கல், நெல் அட்டைகளை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டு தீவில் வீடு கட்டும் அந்தப் பலகை ஆட்டத்தில் ஜெகதீசனை யாரும் ஜெயித்ததில்லை. மூன்று வருஷமாக ஞாயிறுதோறும் திண்டிவனத்தில் அவன் வீட்டு மாடியில்தான் ஆட்டம். எந்த அட்டையை எப்போது மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

இந்த ஞாயிறு நண்பர் ஆண்டோ தன் மனைவி பாக்கியமேரியையும் அழைத்து வந்திருந்தார். மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருப்பவள், ஆட்டத்துக்குப் புதுசு.

ஜெகதீசனின் மனைவி ஆர்த்தி ஒரு மர அட்டையை நீட்டிச் செங்கல் கேட்டாள். பாக்கியமேரி செங்கல்லைக் கொடுத்து, அதன்மேல் ஒரு நெல் அட்டையையும் வைத்தாள்.

"ஒண்ணுக்கு ஒண்ணு குடுத்தா போதும் அண்ணி," என்றான் ஜெகதீசன்.

"தெரியும் தம்பி. அது கொசுறு."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. விதிப் புத்தகத்தைப் புரட்டினான். கூடாது என்று எங்கும் போடவில்லை.

அரை மணி நேரத்தில் சிரிப்பு போய்விட்டது. எது வேண்டுமென்றாலும் எல்லாரும் அவளிடமே போனார்கள். அவன் நீட்டிய அட்டையைக் கட்டிய பெண்டாட்டிகூடச் சீந்தவில்லை. காபி வருவதற்குள் பாக்கியமேரி தன் கடைசி வீட்டையும் கட்டி ஜெயித்துவிட்டாள்.

"ஒவ்வொரு தடவையும் நஷ்டத்துக்குத்தான குடுத்துக்கினு இருந்தீங்க?"

"ஆமா. வாங்கினவங்க மறுபடி யார்கிட்ட வந்தாங்க தம்பி?"

ஜெகதீசனுக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

அடுத்த ஆட்டத்தில் அவனுக்கே செங்கல் தேவைப்பட்டது. பாக்கியமேரியிடம் மரத்தைக் கொடுத்தான். செங்கல் வந்தது. நீட்டிய கையை அவன் மடக்கவில்லை.

"இன்னா தம்பி?"

"கொசுறு, அண்ணி."