ஐஸ் விழும் வாய்

குத்துச்சண்டைக் கூடத்தில் ஐஸ் இல்லாமல் ஒரு பொழுதும் ஓடாது. புருவம் கிழிந்தால் ஐஸ், மூக்கு உடைந்தால் ஐஸ், முட்டி வீங்கினால் ஐஸ். அதற்காகவே மாஸ்டர் பெரிய இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ் ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார். கதவின் வெளிப்பக்கம் இருக்கும் பள்ளத்தில் டம்ளரை வைத்து லிவரை அழுத்தினால் தண்ணீர் வரும். பொத்தானை மாற்றினால் கட்டி ஐஸ். இன்னொரு தடவை மாற்றினால் நொறுக்கிய ஐஸ்.

அதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டவள் கூடத்தைப் பெருக்கித் துடைக்கும் பெண். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஃபில்டரை மாற்றுவாள். மாற்றிய பிறகு ஒரு வாளித் தண்ணீரைப் பிடித்துக் கொட்டிவிட்டுத்தான் யாரையும் குடிக்க விடுவாள். வாரம் ஒருநாள் ஐஸ் பெட்டியைக் கழற்றிக் கழுவி, ஈரம் போகத் துடைத்து மாட்டுவாள். ஐஸ் விழும் வாய்க்கு மேலே ஒரு தாளும் ஒட்டியிருந்தாள்: “உள்ளே விரல் விடாதே. அடைத்தால் என்னைக் கூப்பிடு.”

அவளுடைய அண்ணனும் புருஷனும் அதே கூடத்தில்தான் சண்டை போட்டார்கள். புருஷனை எல்லாரும் இரும்பு என்பார்கள். சேர்ந்தே பயிற்சி எடுத்து, ஒரே தட்டில் சாப்பிட்ட சிநேகத்தில்தான் அண்ணன் தங்கையைக் கட்டிக்கொடுத்தான்.

அன்று காலை அவள் முகத்தைத் திருப்பி வைத்தபடியே தரை துடைத்தாள். அண்ணன் குனிந்து பார்த்துவிட்டான்.

“என்னம்மா இது?”

“கதவு இடிச்சிடுச்சு.”

“கதவுக்கு அஞ்சு விரல் இருக்கா?”

அவள் துணியை வாளியில் முக்கிப் பிழிந்தாள். அவன் கையுறையை எடுத்துப் போட்டுக்கொண்டு, “மாப்பிள, வாங்க, ரெண்டு ரவுண்டு போடலாம்” என்றான்.

இரும்பு சிரித்துக்கொண்டேதான் மேடை ஏறினான். முதல் குத்திலேயே சிரிப்பு போய்விட்டது. அண்ணன் தலையை விட்டுவிட்டு விலாவிலேயே குத்தினான். மூச்சுக்குக் குனிந்தபோது வாயில் குத்தினான். எச்சிலும் ரத்தமும் கயிற்றில் தெறித்தன. “போதும்டா!” என்று மாஸ்டர் கத்தினார். இரும்பு முழங்காலில் விழுந்த பிறகும் மூன்று குத்து. மாஸ்டர் கழுத்தைப் பிடித்து இழுத்துத்தான் அவனை விலக்க முடிந்தது.

இரும்பு தள்ளாடிக்கொண்டு ஃப்ரிட்ஜுக்குப் போனான். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, நொறுக்கிய ஐஸுக்குப் பொத்தானை மாற்றி லிவரை அழுத்தினான். மோட்டார் உறுமியது, ஐஸ் வரவில்லை. இரவு யாரோ கதவைச் சரியாகச் சாத்தாமல் போனதில் ஐஸ் உருகி, மறுபடி உறைந்து ஒரே பாளமாகியிருந்தது. அவன் வலது கையின் இரண்டு விரல்களை ஐஸ் விழும் வாய்க்குள் விட்டு மேலே குடைந்தான்.

“கைய எடு!” அவள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். “உள்ள பிளேடு இருக்கு. பிளக்கைப் பிடுங்கிட்டு நான் எடுத்துத் தரேன்.”

“உன் வேலையப் பாருடி. வீட்டுக்கு வா, உனக்கு இருக்கு.”

அந்தச் சொல் அண்ணன் காதில் விழுந்தது. அவன் பின்னாலிருந்து வந்து, இரும்பைத் தோளால் ஃப்ரிட்ஜோடு நெருக்கி, மடக்கிய முழங்கையால் லிவரை அழுத்தினான்.

பாளம் உடைந்தது. அதோடு சேர்ந்து எலும்பும் உடைந்தது. இரும்பின் அலறலில் கூடத்தில் எல்லாக் கையும் நின்றது. பள்ளத்தில் சிவப்பு ஐஸ் கொட்டியது. அண்ணன் முழங்கையை எடுக்கவில்லை.

அவள் சுவரோரம் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினாள். மோட்டார் நின்றது; விரல்கள் உள்ளேயே மாட்டியிருந்தன. கதவைத் திறந்து, ஐஸ் பெட்டிக்குள் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி, பிளேடைப் பின்பக்கமாகத் திருப்பத் தொடங்கினாள்.

அண்ணன் அவள் தோளைப் பிடித்து இழுத்தான். “விடு. கிடக்கட்டும் நாய்.”

அவள் திரும்பி அவன் முகத்தில் ஓங்கி அறைந்தாள். தன் உள்ளங்கை எரிந்தது அவளுக்குத் தெரிந்தது.

“நான் கேட்டேனா உன்கிட்ட? ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான்டா அடிக்கிறீங்க!”

கை வெளியே வந்தபோது ஆள்காட்டி விரல் ஒடிந்து தொங்கியது. நடுவிரலில் நுனியே இல்லை. அவள் துண்டால் இறுக்கிக் கட்டி, மணிக்கட்டை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டே ஆஸ்பத்திரி வரை போனாள். வழியெல்லாம் இரும்பு, “எல்லாம் உன்னாலதான்” என்று அழுதுகொண்டே வந்தான்.

போலீஸ் கேட்டபோது, கை தெரியாமல் பட்டது என்றான் அண்ணன். இரும்பும் தலையாட்டினான், ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்து தன் கையாலேயே பழி தீர்க்க வேண்டும் என்பது அவன் நினைப்பு. அவள் மட்டும் உள்ளதைச் சொன்னாள். லிவரை அழுத்தியது யார் என்று சொன்னாள். தன் கன்னத்தை அடித்தது யார் என்றும், எத்தனை வருஷமாக என்றும் சொன்னாள். இரண்டு பேர் மீதும் வழக்கு விழுந்தது.

அவள் ஊரின் மறுகோடியில் ஓர் அறை எடுத்துக்கொண்டாள். இரும்பு ஒருமுறை வந்து கதவைத் தட்டினான், உதைத்தான். அவள் போலீஸுக்குப் போன் போட்டபடியே உள்ளே நின்றாள். அவன் அப்புறம் வரவில்லை.

மாஸ்டர் அண்ணனைக் கூடத்தில் சேர்க்கவேயில்லை. ஜாமீனில் வந்த நாலாம் மாதம் அவன் கூடத்து வாசலில், வேலை முடிந்து வரும் அவளுக்காகக் காத்து நின்றான்.

“உனக்காகத்தானே செஞ்சேன்.”

“எனக்காகன்னா என்னைக் கேட்டிருக்கணும், அண்ணா. அவன் கத்தினப்போ உன் மூஞ்சியப் பார்த்தேன். நான் அங்க இருக்கிறதே உனக்கு ஞாபகம் இல்ல.”

அவன் தலை குனிந்துகொண்டான். பஸ் வரும் வரை அவள் அவன் பக்கத்தில் நின்றாள். பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள்.