கம்பியில் தொங்கிய இஸ்திரிப் பெட்டி

அன்று மதியம் சலவைக்கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். மேஸ்திரி, அங்கிருந்த ஒரே நாற்காலியில். பாய்லர்காரர், பாய்லர் அறை வாசலில் விறகுக் கட்டின் மேல். துணி மடிக்கும் அவர் தங்கை, ஜன்னலோரம் அழுக்கு மூட்டையில் சாய்ந்து. இஸ்திரி போடும் பாய்லர்காரரின் மனைவி, கவிழ்த்த வாளியில், பாய்லர் அறைச் சுவருக்கு முதுகைக் கொடுத்து.

அவள்தான் முதலில் கேட்டாள். "ஏங்க, காலையிலேருந்து வால்வு சீறவே இல்லையே?"

"சீறாது," என்றார் மேஸ்திரி. "ஆவி வீணாப் போகுதுன்னு அதோட வாயைக் கட்டியாச்சு."

"அப்படியே அண்ணி வாயையும் கட்டிவிடுங்க மேஸ்திரி," என்றாள் நாத்தனார். "எங்கண்ணன் காலம்பூரா உங்களைக் கும்பிடுவான்."

பாய்லர்காரர் சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் அவர் மனைவி எழுந்து பாய்லர் அறைக்குள் போனாள்.

பாய்லர் தலையில் வால்வை அழுத்திக்கொண்டு நீளமாக ஒரு இரும்புக் கம்பி உண்டு. அதில் மாட்டிய எடைக்கல்லை மீறி ஆவி முட்டினால்தான் வால்வு திறக்கும். இன்று கம்பியின் நுனியில், கல்லுக்கும் அப்பால், பழைய இஸ்திரிப் பெட்டி ஒன்று கயிற்றில் தொங்கியது. ஆறு கிலோ. பள்ளிக்கூடத்தில் படித்த நெம்புகோல் கணக்கு கை விரலுக்கு வந்துவிட்டது; கம்பியைத் தொடாமல் சாண் போட்டுப் பார்த்தாள். கம்பி மாட்டியிருந்த அச்சிலிருந்து வால்வு ஒரு சாண், பெட்டி ஆறு சாண். அப்படியென்றால் வால்வின் மேல் கூடுதலாக முப்பத்தாறு கிலோ ஏறி உட்கார்ந்திருக்கிறது. அழுத்தமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி, கடைசி ஆணியில் முட்டி நின்றது. அதற்கு மேல் எவ்வளவு என்று சொல்ல அதற்கே இடமில்லை.

பின்னாலேயே வந்த பாய்லர்காரர் பெட்டியை அவிழ்க்கக் கையை நீட்டினார். அவர் மணிக்கட்டை அவள் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப அவிழ்த்தா அத்தனை ஆவியும் ஒரே மூச்சில உங்க மூஞ்சியிலதான் வரும். முதல்ல நெருப்பை இழுங்க."

நீள வாரியால் கங்குகளை இழுத்துத் தரையில் பரப்பினார். அவசரத்தில் வாரி அடுப்பு வாயில் இடித்து இடித்துச் சத்தம் போட்டது. அடுப்பு காலியானது. முள் அசையவில்லை.

"நெருப்புதான் வெளிய வந்துடுச்சே, இன்னும் ஏன் இறங்கல?" என்று கேட்டார் வாசலில் நின்ற மேஸ்திரி.

"நெருப்புதான் வந்துச்சு, சூடு வரலையே. காலையிலேருந்து அடுப்புச் செங்கல்லு குடிச்சதைத் தண்ணிக்குக் கொடுத்துக்கிட்டிருக்கு. அது அடங்குற வரைக்கும் ஏறும்," என்றாள் அவள்.

மேஸ்திரியும் நாத்தனாரும் தெருமுனைக்கு ஓடினார்கள். பாய்லர்காரர் நகரவில்லை, பாய்லரின் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடியைப் பார்க்க ஆள் வேண்டுமாம். அவள் எவ்வளவு இழுத்தும் வரவில்லை. கடைசியில் அவளும் அங்கேயே நின்றாள். உள்ளே இரும்பு எங்கோ 'டிக்' என்றது. மறுபடியும் 'டிக்'. ஒவ்வொன்றுக்கும் அவர் தோள் குலுங்கியது, அவள் விரல் அவர் சட்டையை இறுக்கியது. முக்கால் மணி நேரம் கழித்து முள் ஆணியை விட்டு ஒரு நூலளவு விலகியது. வெகுநேரம் கழித்துச் சிவப்புக் கோட்டுக்கு வெகு கீழே வந்த பிறகுதான் பெட்டியை இறக்கினார்.

மேஸ்திரி திரும்பி வந்தார். "ஒண்ணும் ஆகலையே. வெளிய மூச்சு விடாதீங்க. நாளைக்குக் கொஞ்சம் சின்னப் பெட்டியா பார்த்து மாட்டிக்கலாம்."

வீட்டுக்கு வந்ததும் அவள் தாளை எடுத்தாள். கொதிகலன் ஆய்வாளருக்கு, தேதி போட்டு, கம்பியின் அளவு, பெட்டியின் எடை, முள் நின்ற இடம், யார் சொல்லி மாட்டியது என்பது வரை வரிசையாக எழுதினாள்.

"என் லைசென்ஸ் போயிடும்டி," என்றார் அவர்.

"போகட்டும். நீங்க போகக் கூடாது."

அவர் தாளை ஒருமுறை படித்தார். பிறகு பேனாவை வாங்கி, 'மாட்டியது நான்தான்' என்று தன் கையால் ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். அவள் உறையை ஒட்டி, ஓரத்தை நகத்தால் அழுத்தி, தெருக்கோடித் தபால்பெட்டிக்குள் விட்டாள். உள்ளே அது விழுந்த சத்தம் கேட்கும்வரை கையை எடுக்கவில்லை.