தண்ணீர் படக்கூடாது

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதிலிருந்து அருள்மொழி தங்கச்சியின் கையை விடவே இல்லை. இலக்கியா ஓட்டத்தில் ஊர்ப் பையன்களையே பின்னால் தள்ளுகிறவள். அவளைப் போய் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் கைக்குழந்தையோடு, ரிஷிவந்தியம் பஸ் நிற்கும் பக்கமாக நடத்திப் போனாள். இலக்கியாவின் பாதி முகத்தை ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடி மறைத்திருந்தது.

"அக்கா, அந்த பஸ்ஸு போர்ட படிக்கட்டா? தியாகதுருகம். மங்கலாத்தான் தெரியுது, ஆனா படிச்சிட்டேன் பாரு!"

அருள்மொழிக்கு அழுகையே வந்துவிட்டது. ஆறாம் வகுப்பில் ஏறிய சோடாபுட்டி. அது இல்லாமல் தட்டில் இருப்பது சோறா களியா என்றுகூடத் தெரியாத பெண், பஸ் போர்டைப் படிக்கிறாள்! போலீஸ் வேலைக்கு எழுத்துப் பரீட்சையில் பாஸாகிவிட்டாள். ஓட்டத்தைப் பற்றிக் கவலையே இல்லை. ஆனால் அளவெடுக்கிற அன்றைக்குக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி எழுத்தைப் படிக்கச் சொல்லுவார்கள் என்று கோச்சிங் சென்டர் மாஸ்டர் சொன்னதிலிருந்து பெண்ணுக்குத் தூக்கமில்லை. அதற்காகத்தான் கண்ணுக்கு இந்த லேசர் ஆபரேஷன். களை வெட்டியும் கரும்பு வெட்டியும் கை காய்த்துப்போன குடும்பத்தில் ஒருத்தி காக்கி உடுப்பு மாட்டினால் அதற்குப் பிறகு யார் எதைப் பேசிவிட முடியும்? பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கும் அருள்மொழியின் புருஷன் ஜெயப்பிரகாஷ்கூட, "போலீஸ்காரி அக்கா புருசன்னு சொல்லிக்கலாம், பண்ணிடு" என்று போனில் சிரித்தான்.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் நர்ஸ் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினாள். கண்ணில் தண்ணீர் படக்கூடாது. கசக்கக் கூடாது. தூசி, புகை ஆகாது. சொட்டு மருந்தைத் தவிர வேறு எதையும் விடக்கூடாது. இரண்டு மூன்று நாள் எரியும், பயப்படாதீர்கள். அருள்மொழி இதைச் சாமி வாக்கு மாதிரி பிடித்துக்கொண்டாள். தாளிப்பதை நிறுத்தினாள். தங்கச்சிக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றவில்லை, முகத்தை மூக்குக்குக் கீழே மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். அம்மா பெரியம்மாள் தெருவில் இறங்கி, வாசலில் மக்காச்சோளம் காயவைத்துக் கிளறிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாளோடு மல்லுக்கு நின்று, சோளத்தையே வாரவைத்துவிட்டு வந்தாள். ஒரு குறை சொல்ல முடியாது. அவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் உச்சிவேளைக்கு எரிச்சல் ஆரம்பித்தது. இலக்கியா பாயில் புரண்டாள்.

"மொளகாப் பொடிய அள்ளிக் கொட்னாப்ல எரியுதுக்கா. சோத்தாங்கை பக்கந்தான் ஜாஸ்தி. தாங்க முடியல."

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால், அப்படித்தான் எரியும், வலி மாத்திரையைக் கொடுங்கள் என்றார்கள். கொடுத்தாயிற்று. கண்ணீர் நிற்கவில்லை. பெரியம்மாள் உட்காருவதும் எழுந்திருப்பதுமாக இருந்தவள் சட்டென்று பெரிய மகளிடம் திரும்பினாள்.

"பால் குடுக்கறவ நீ வூட்ல இருக்க சொல்லோ புள்ள இப்டி துடிக்கிதே. ரெண்டு சொட்டு வுடுடி."

"ஒண்ணும் வுடக்கூடாதுன்னாங்கம்மா."

"தண்ணி படக்கூடாதுன்னுதான சொன்னாங்க? தாய்ப்பாலு தண்ணியா? ஒனக்கு கண்ணு பொங்கினப்ப ஒன் சின்னம்மா பாலத்தான் வுட்டேன். குருடாவா பூட்ட?"

அந்தத் தெருவில் கண் சிவந்தால் பிள்ளை பெற்றவளைத் தேடிப் போவதுதான் பழக்கம். அருள்மொழிக்கே உள்ளுக்குள் அந்த ஆசை இருந்தது என்பதுதான் உண்மை. தங்கச்சி துடிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதற்கு எதையாவது செய்தால் தேவலை என்றிருந்தது. இலக்கியா பி.எஸ்சி. முடித்தவள், கிருமியைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பரீட்சையில் எழுதியவள். எரிகிற எரிச்சலில் படிப்பாவது மண்ணாவது! தானே கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அக்காவின் மடியில் தலையை வைத்தாள்.

வலது கண்ணில் பால் விழுந்ததும் அவள் உடம்பு ஒருமுறை உதறி அடங்கியது.

"எதமா இருக்குதுக்கா. இன்னொரு தடவ வுடேன்."

பொழுது சாய்வதற்குள் இரண்டு மூன்று தடவை விட்டாள். இலக்கியா அப்படியே தூங்கிப்போனாள். கால் மரத்துப்போகிற வரைக்கும் அருள்மொழி அசையவில்லை. என் பால் பிள்ளைக்கு மட்டுமில்லை, என் தங்கச்சிக்கும் ஆயிற்று என்று நிஜமாகவே பெருமையாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து விடிந்தபோது அந்தக் கண் திறக்கவில்லை. இமை வீங்கி, பீளை ஒட்டியிருந்தது. விரலால் மெல்லப் பிரித்துப் பார்த்தால், கருவிழியின் மேல் அரிசி நொய் அளவுக்கு ஒரு வெள்ளை. கிடைத்த பஸ்ஸைப் பிடித்துப் பாண்டிச்சேரிக்கு ஓடினார்கள்.

டாக்டரம்மா மெஷினில் நெடுநேரம் பார்த்தார். "மருந்தைத் தவிர வேற ஏதாவது விட்டீங்களா?"

"இல்ல மேடம், மருந்து மட்டுந்தான்" என்றாள் இலக்கியா, முந்திக்கொண்டு. மேசைக்குக் கீழே அக்காவின் விரலை அழுத்திப் பிடித்திருந்தாள். காட்டிக்கொடுக்கக் கூடாதென்று நினைக்கிறாளே பாவி மகள்! அந்தப் பிடியை அருள்மொழியால் தாங்க முடியவில்லை.

"பால் வுட்டேங்க. என் பாலுங்க."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "அது மேல்தோலைச் சுரண்டி எடுத்த கண்ணும்மா. தோல் மூடுற வரைக்கும் பச்சைப் புண். அதுல கிருமி இறங்கிடுச்சு" என்றார். பிறகு, புண் ஆறும், ஆனால் தழும்பு விழும், பார்வை எவ்வளவு மிஞ்சும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார்.

அட்மிட் பண்ணி, மணிக்கொரு தரம் மருந்து ஊற்றி, வீட்டுக்கு வந்தபோது தெருவில் சோளத்தை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். கேட்டவர்களிடமெல்லாம் பெரியம்மாள், "லேசர் லைட்டு புள்ள கண்ண சுட்டுடுச்சு" என்றாள். பாலைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. அளவெடுக்க வரச்சொல்லி இலக்கியாவின் போனுக்குச் செய்தி வந்தது. இடது கண்ணால் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"திட்டித் தொலையேன்டி" என்று அருள்மொழி ஒருநாள் கத்தியேவிட்டாள்.

"நீ இன்னாக்கா பண்ணுவ. இன்னொரு தடவ வுடச் சொன்னது நாந்தான" என்றாள் இலக்கியா. இதற்கு அவள் நாலு அறை அறைந்திருக்கலாம்.

தினமும் காலையில் எழுந்ததும் இலக்கியா இடது உள்ளங்கையால் நல்ல கண்ணைப் பொத்திக்கொள்வாள். ஜன்னலைப் பார்ப்பாள், கொடியில் தொங்கும் துணியைப் பார்ப்பாள். என்ன தெரிந்தது என்று யாரிடமும் சொல்லமாட்டாள். இன்றைக்கும் பாயில் உட்கார்ந்து கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தபோது, அருள்மொழி பிள்ளையோடு வாசற்படி தாண்டி உள்ளே வந்தாள். இலக்கியாவின் முகம் அவள் பக்கம் திரும்பியது.

"யாரு? பேசாத. அப்டியே நில்லு."

அருள்மொழி நின்றாள். கை நீட்டினால் தொட்டுவிடலாம், அவ்வளவு பக்கம்.

"அம்மாவா?"

சித்தியைக் கண்டுகொண்ட குழந்தை அருள்மொழியின் இடுப்பிலிருந்து எக்கி, இரண்டு கையையும் நீட்டி அவள் பக்கமாகச் சாய்ந்தது. இலக்கியா பொத்திய கையை எடுக்காமல், அந்தப் பிஞ்சு விரல்களுக்கு நேர் எதிரே, வலது கண்ணை அகல விரித்து வைத்திருந்தாள்.

"அம்மாதான?" என்று கேட்டாள்.