ஐந்தாவது படி

பள்ளிக்கூட வகுப்பின் கடைசி பெஞ்சு குழந்தைகளுக்காகச் செய்தது. ஐம்பதைத் தாண்டிய நாலு படி மேடம் அதில் முழங்காலை மடக்கி உட்கார்ந்ததில் முதுகு விட்டுப்போயிருந்தது. மொழி ஆசிரியர்களை உருவாக்கும் கல்லூரியில் அவளுக்கு வேலை. காட்டு, சொல்ல வை, கேள், பாராட்டு. எந்தப் பாடத்தையும் இந்த நாலு படியில் நடத்திவிடலாம் என்று வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லியே அந்தப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

கரும்பலகை முன்னால் நின்ற பயிற்சிப் பெண்ணுக்கு, மேடம் மார்க் போடும் இந்தப் பாடம் நடத்தும் தேர்வில் இது இரண்டாவது வாய்ப்பு. இதையும் கோட்டை விட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். "படிச்சு கிழிச்சது போதும்" என்று சொல்ல வீட்டில் மாமியார் தயாராக இருந்தார்.

அவள் ஒரு சந்தைப் படத்தைக் காட்டினாள். வார்த்தைகளைப் பிள்ளைகள் புதிதாகக் கற்கும் மொழியில் சொல்ல வைத்தாள். பிறகு அந்த மொழியிலேயே, அம்மா என்ன வாங்குகிறாள் என்று கேட்டாள். வகுப்பு வாயைத் திறக்கவில்லை. பெண் முகமெல்லாம் சிரிப்பாக, "சபாஷ், சரியான பதில்!" என்றாள்.

பிள்ளைகள் குபீரென்று சிரித்துவிட்டார்கள்.

மேடம் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். கோளாறு எங்கே என்று அவளுக்குத் தெரியும். கல்லூரி ஒத்திகையில் கூடப் படிப்பவர்கள்தான் குழந்தைகளாக உட்காருவார்கள். கேள்வி முடிவதற்குள் பதில் வந்து விழும். அங்கே எந்தக் குழந்தையும் முழித்ததில்லை, எந்தக் குழந்தைக்கும் பசித்ததில்லை. கேட்டாயிற்று, அடுத்த படி பாராட்டு. பெண் பாராட்டிவிட்டாள்.

"நீ உட்காரும்மா. நான் செஞ்சு காட்டறேன்" என்று மேடம் பெஞ்சைப் பிடித்து எழுந்தாள். சின்னப் பிள்ளைகள் முன்னால் கடைசியாக நின்றது எப்போது என்று அவளுக்கே நினைவில்லை. அதே கேள்வியைக் கேட்டாள். மெதுவாகக் கேட்டாள், சத்தமாகக் கேட்டாள், இல்லாத கூடையைத் தூக்கிக்கொண்டு பேரம் பேசியும் பார்த்தாள். ஒரு சத்தமில்லை. இதற்கு மேல் என்ன செய்வது? ஐந்தாவது படி என்று ஒன்றை அவளுக்கும் யாரும் சொல்லித் தரவில்லை.

முன்வரிசைச் சிறுமி பரிதாபப்பட்டாள். "நீங்களும் டிரெயினிங்கா மிஸ்?"

மேடத்துக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. நல்லவேளையாக மணி அடித்தது.

தாழ்வாரத்தில் பெண் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள். "இந்தத் தடவையும் போச்சா மேடம்?"

ஃபெயில் போட்டால் இவள் பாவம். பாஸ் போட்டால் இவளிடம் மாட்டப்போகும் பிள்ளைகள் பாவம். மேடத்துக்கு வெட்கமாக இருந்தது. தனக்கே வராததை இவளுக்கு வரவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

"பாஸ்தாம்மா. போ."

பெண் அழுதேவிட்டாள். மேடத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "சத்தியமா சொல்றேன் மேடம், நானும் உங்கள மாதிரியே வருவேன்" என்றாள்.

மேடத்துக்கு இருந்ததும் அந்தப் பயம்தான்.