கும்பாபிஷேகத்துக்கு வந்த ஹெலிகாப்டர்

என் வீட்டுக்காரர் ஆகாயத்திலிருந்து விழுந்தபோது ஊரே கைதட்டியது. பொம்பளைகள் குலவை வேறு போட்டார்கள்.

அவர் பெயர் மாரிக்கண்ணன். பாராமோட்டார் ஓட்டுகிறவர். முதுகில் விசிறி வைத்த எஞ்சினைக் கட்டிக்கொண்டு, தலைக்கு மேலே விரியும் துணிக்குடையில் தொங்கியபடி பறக்க வேண்டும். நான் தரையில் வாக்கி டாக்கியோடு நிற்பேன். பறக்கும்போது அவருக்கு முதுகுப் பக்கம் தெரியாது. காதில் மாட்டிய ஹெட்செட்டில் வரும் என் குரலைத் தவிர, எஞ்சின் சத்தத்தில் வேறொன்றும் கேட்காது. நான்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

திருச்சுழிக்குத் தெற்கே எங்கள் ஊர்க் கோயிலில் கும்பாபிஷேகம் வந்தது. விழாக் கமிட்டித் தலைவர் என் கூடப்பிறந்த அண்ணன் சுப்புராஜ். கோபுரத்துக்கு நேர் மேலே வந்து பூத் தூவச் சொன்னார். என் வீட்டுக்காரர் ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

"சனங்க தலைக்கு மேல பறக்கக் கூடாது மச்சான். கண்மாய்க்குள்ள வேணா சுத்துறேன். மேல வேற எதுவும் வந்தா எறங்கிருவேன். ஹெலிகாப்டர் காத்துப் பட்டாலே இந்தத் துணி மடங்கிரும்."

"நம்ம ஊருக்கு எவன் ஹெலிகாப்டர்ல வரப் போறான்?" என்று அண்ணன் சிரித்தார். அனுமதிக்கான அலைச்சலைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, வாங்கியும் வந்தார். நம்பினோம். கூடப்பிறந்தவரை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

அன்று காலை, காய்ந்து கிடந்த கண்மாய்க்கு மேலே அவர் ஒரு சுற்று முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தார். காரியாபட்டிப் பக்கமிருந்து படபடவென்று சத்தம். டிராக்டர் என்றுதான் முதலில் நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் ஹெலிகாப்டர்! தணிந்து, அவர் முதுகுப் பக்கமாகவே வருகிறது.

"ஏங்க, பின்னால ஹெலிகாப்டரு! எறங்குங்க! எறங்குங்க!"

அவர் என்ன ஏது என்று கேட்கவில்லை. ஒதுங்கி, வேகமாகத் தணிந்தார். அதற்குள் அது பக்கத்திலேயே கடந்துவிட்டது. மோதவில்லை, அதன் காற்றுதான் அடித்தது. துணியில் ஒரு பாதி, பிழிந்த சேலை மாதிரிச் சுருண்டது. அவர் சுழன்றுகொண்டே போய்க் கருவேலங்காட்டுக்குள் விழுந்தார்.

மைக்கில் ஒருவர், "நமது ஊர் மாப்பிள்ளையின் வான சாகசத்தைக் கண்டு களியுங்கள்!" என்று கத்துகிறார். கைதட்டல், குலவை. அந்தப் பக்கம் ஹெலிகாப்டர் கோபுரத்தின் மேல் பூவாகக் கொட்டுகிறது. பாவிகளா, விழுந்தது மனுசன் என்று ஒருவருக்குக்கூடத் தெரியவில்லை.

முள்ளுக்குள் புகுந்து ஓடினேன். கிளை தாங்கியதால் பிழைத்திருந்தார். முகமெல்லாம் ரத்தம், ஒரு கால் திரும்பிக் கிடந்தது.

"இருக்கேன் லட்சுமி" என்றார். அப்போதுதான் எனக்கு அழுகையே வந்தது.

அண்ணன் பட்டுவேட்டியோடு ஓடி வந்தார்.

"யாருண்ணே அதை வரச் சொன்னது?"

"நான்தான்மா. பூத் தூவ வேணும்ல."

"இவுக மேல இருக்காகன்னு அந்த பைலட்டுக்குத் தெரியுமா?"

"யாரும் பறக்கலைன்னுதான் சொன்னேன். இல்லேன்னா வர மாட்டாக."

"இவுககிட்டயாவது சொல்லியிருக்கலாமேண்ணே!"

"சொன்னா மாப்ளை பறக்க மாட்டேம்பாரு. ரெண்டும் சேந்து பறந்தாத்தான விழா களை கட்டும்?"

தெரியாமல் செய்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் தெரிந்துதான் செய்திருக்கிறார்.

மறுபடியும் அந்தப் படபடப்புச் சத்தம். ஹெலிகாப்டர் அடுத்த சுற்றுக்குத் திரும்புகிறது. துணிக்குடை மரத்தின் மேலே விரிந்து கிடக்கிறது, அவர் இன்னும் அதன் கயிற்றில்தான் கட்டுண்டிருக்கிறார். காற்று அதைத் தூக்கினால் முள்ளோடு முள்ளாக அவரை இழுத்துப் போய்விடும்.

"அண்ணே, துணியைப் பிடி!" என்று கத்தியபடி நான் ஒரு முனையில் தொங்கினேன்.

மறுமுனை படபடவென்று அடித்துக்கொண்டது. திரும்பிப் பார்த்தேன். அண்ணன் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, கொட்டுகிற பூவைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.